ஜுசெப்பே சன்மார்தீனோவும் துகில் போர்த்திய கிறிஸ்துவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறந்து கிடக்கும் இயேசுவின் உடல்மேல் ஈரத்துணி ஒட்டிக் கிடப்பது போல ஒரு வெள்ளைப் பளிங்குச் சிலை. தவக்காலம் வந்தால் அந்தப் படம் எப்படியாவது நம் போனுக்கு வந்து சேர்ந்துவிடும். கூடவே ஒரு வரியும் வரும்: "இது ரசவாதத்தால் கல்லாக்கப்பட்ட துணி", "எப்படிச் செய்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது". செய்தவர் பெயர் மட்டும் அதில் இருக்காது. அவர் பெயர் ஜுசெப்பே சன்மார்தீனோ. நேப்பிள்ஸ் நகரத்துச் சிற்பி. அவரைப் பற்றியும் அவர் வேலையைப் பற்றியும் பலரும் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

சன்மார்தீனோ யார்?

1720-ல் நேப்பிள்ஸில் பிறந்தார். 1793 டிசம்பரில் அதே ஊரில் இறந்தார். அவர் வேலை செய்த காலத்தில் நேப்பிள்ஸ் தனி ராஜ்ஜியம். போர்போன் வம்சத்து அரசர்கள் ஆண்டார்கள். தெருவுக்குத் தெரு கோயில், கோயிலுக்குக் கோயில் பீடங்களும் சுரூபங்களும். கல்தச்சர், தட்டார், மரச்சிற்பி, சுதைக்காரர் என்று எல்லோருக்கும் கை நிறைய வேலை இருந்த காலம். ரோமிலோ வெனிஸிலோ பெயர் எடுத்தவர்களைப் போல ராஜசபைகளைத் தேடி அவர் ஊர் ஊராகச் சுற்றவில்லை. நேப்பிள்ஸிலும் அதைச் சுற்றிய தென் இத்தாலியிலுமே வாழ்நாள் முழுவதும் வேலை செய்தார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தச் சிலையை முடித்தபோது வயது 33-ஐத் தாண்டியிருக்காது.

சில இடங்களில் "சம்மார்தீனோ" என்று எழுதுகிறார்களே, அது வேறு ஆளா?

ஒரே ஆள்தான். இரண்டு விதமாகவும் எழுதுவார்கள்.

அந்தச் சிலை எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

நேப்பிள்ஸின் பழைய நகரப் பகுதியில், சான் தொமேனிக்கோ மஜ்ஜோரே சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள சான்செவெரோ சிற்றாலயத்தில் இருக்கிறது. சிலையின் இத்தாலியப் பெயருக்கு "முக்காடிட்ட கிறிஸ்து" என்றுதான் நேர்ப்பொருள். ஆனால் தமிழில் முக்காடு என்றால் தலையோடு நின்றுவிடும். இங்கே துணி தலை முதல் கால் வரை கிடக்கிறது. அதனால் துகில் போர்த்திய கிறிஸ்து என்றே எழுதுகிறேன்.

நீளம் 180 சென்டிமீட்டர், அகலம் 80, உயரம் 50. அதாவது ஓர் ஆள் அளவுதான். படங்களில் பார்க்கும்போது பிரம்மாண்டமாகத் தோன்றுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிற்றாலயத்தின் நடுவில், இடுப்பு உயரத்துக்கும் கீழே, ஒரு மெத்தைமேல் கிடத்தியிருக்கிறார்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். துக்க வீட்டில் கட்டிலருகே நின்று பார்ப்போமே, அதே கோணம்.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

தலையிலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டு தலையணைகள்மேல் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நெற்றியில் ஒரு நரம்பு புடைத்திருக்கிறது. துணிக்கு அடியில்தான், ஆனாலும் தெரிகிறது. இப்போதுதான் துடிப்பு நின்றது போல இருக்கும். மூக்கின் எலும்பு துணியைத் தூக்கிப் பிடிக்கிறது. மூக்குத் துவாரத்தருகே துணி லேசாக உள்ளே வாங்கியிருக்கிறது. உதடுகளுக்கு இடையிலும் அப்படித்தான். இறந்தவர் கடைசி மூச்சை இழுத்தபோது துணியும் சேர்ந்து உள்ளே போய்விட்டதோ என்று ஒரு கணம் நினைத்துவிடுவோம். துணி போர்த்தியதே இறந்த பிறகுதான் என்பது அப்புறம்தான் உறைக்கும்.

மார்பு உயர்ந்து, விலாவுக்குக் கீழே வயிறு ஒட்டி உள்ளே போகிறது. கைகளிலும் பாதங்களிலும் ஆணி அடித்த காயங்கள். காயத்தைத் திறந்து காட்டவில்லை. துணி அந்த இடத்தில் குழிந்திருப்பதை வைத்து நாமே புரிந்துகொள்கிறோம். முழங்கால் எலும்பின்மேல் துணி இழுபட்டு, மடிப்பே இல்லாமல் வழவழவென்று இருக்கிறது. இரண்டு கால்களுக்கு நடுவில் மட்டும் மடிப்புகள் குவிந்து கிடக்கின்றன. துணியின் ஓரம் பின்னல் வேலை செய்தது போல. கால்மாட்டில் முள்முடி, ஆணிகள், ஆணியைப் பிடுங்கிய குறடு. இந்தப் பொருள்களுக்கு மட்டும் துணி கிடையாது. எனக்கு அது மிகவும் முக்கியமாகப் படுகிறது. வலி கொடுத்த கருவிகள் வெட்டவெளியில், கூராக இருக்கின்றன. வலியை அனுபவித்த உடல் மூடப்பட்டு, அடங்கிவிட்டது.

அந்தத் துணி நிஜத் துணிதானா? கல்லாக மாற்றினார்களா?

இல்லை. அது கல். உடலும் துணியும் ஒரே பளிங்குப் பாறையில் செதுக்கப்பட்டவை.

இதற்குச் சாட்சி இருக்கிறது. நேப்பிள்ஸ் வங்கியின் பழைய ஆவணக் காப்பகத்தில், 1752 டிசம்பர் 16 தேதியிட்ட ஒரு பணப்பட்டுவாடாக் குறிப்பு கிடைத்திருக்கிறது. சிலையைச் செய்யச் சொன்ன இளவரசர் ராய்மோந்தோ தி சங்ரோ கையெழுத்திட்டது. ஜுசெப்பே சன்மார்தீனோவுக்கு 50 தூக்கத் முன்பணம் கொடுக்கச் சொல்கிறார். தூக்கத் என்பது அந்த ராஜ்ஜியத்து நாணயம். எதற்காக என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்: இறந்த நம் ஆண்டவரின் சிலை, அதன்மேல் "அதுவும் பளிங்கினாலேயே ஆன" துணி. மொத்தக் கூலி 500 தூக்கத். நிஜத் துணியை மருந்தில் முக்கிக் கல்லாக்குவதாக இருந்தால், பளிங்குத் துணி செதுக்க ஒரு சிற்பிக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்? இதே இளவரசர் தனக்குத் தெரிந்த அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களிலும், துணி சிலையோடு ஒரே கல்லில் ஆனது என்றே சொல்கிறார்.

ஆவணத்தை விடுங்கள், கண்ணே போதும். துணியைப் போர்த்திக் கல்லாக்கியிருந்தால் அடியில் முழுதாக ஒரு உடல் இருக்க வேண்டும். இங்கே துணிக்கு அடியில் எதுவுமே இல்லை. நாம் "உடல்" என்று பார்ப்பது துணியின் மேற்பரப்பைத்தான். சிற்பி ஒரே ஒரு பரப்பைத்தான் செதுக்கினார். அந்த ஒன்று இரண்டாகத் தெரிவதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

அப்படியென்றால் கல்லில் எப்படி அவ்வளவு மெல்லிய துணி வரும்?

மெல்லிய துணி அங்கே இல்லவே இல்லை என்பதுதான் பதில். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பழைய மல் வேட்டி ஒன்றை நனைத்துப் பிழிந்து, உங்கள் முழங்கைமேல் போடுங்கள். எங்கே தோலோடு ஒட்டுகிறதோ அங்கே துணியே கண்ணுக்குத் தெரியாது, கைதான் தெரியும். எங்கே காற்று புகுந்து தோலைவிட்டு எழும்புகிறதோ, அங்கே நூல் போல ஒரு வரம்பு எழும். "துணி இருக்கிறது" என்று நமக்குச் சொல்வது அந்த வரம்பு மட்டும்தான். மற்றதை மனசு நிரப்பிக்கொள்ளும்.

சன்மார்தீனோ செதுக்கியது அந்த வரம்புகளை. உடலின் வடிவத்தைச் சரியாகக் கொண்டுவந்து, அதன்மேல் மெல்லிய மடிப்புக் கோடுகளை விட்டு வைத்தார். கோடு எங்கே அடர்த்தி, எங்கே அருகல், எங்கே எலும்பைச் சுற்றி வளைந்து போகும், எங்கே பள்ளத்தில் விழுந்து மறையும் என்பதை அவர் தெரிந்து வைத்திருந்தார். கோடு தவறான திசையில் போனால் துணி துணியாக இருக்காது, தோலில் விழுந்த சுருக்கமாகிவிடும். ஒரு கோடு கூட அப்படித் தோன்றவில்லை என்பதே அதிசயம்.

அந்தக் காலத்துப் பளிங்கு வேலையின் பொதுவான வழி இதுதான்: முதலில் மண்ணில் மாதிரி. பிறகு கல்லில் கூர் உளியால் பெரிய கழிவை எடுப்பது, பல் உளியால் உருவத்துக்கு நெருங்குவது, தட்டை உளியால் சமன் செய்வது, ஆழமான இடங்களுக்குத் துளைக்கருவி. அப்புறம் அரம், கடைசியாக நுரைக்கல் போன்றவற்றால் நாள்கணக்கில் தேய்ப்பது. மண்ணில் தப்பு செய்தால் ஒட்டிக்கொள்ளலாம், கல்லில் எடுத்தது எடுத்ததுதான். மடிப்பு வரம்பு ஒன்று விண்டுபோனால் அதற்கு மாற்று கிடையாது.

கல்லின் குணமும் கை கொடுக்கிறது. நல்ல பளிங்கு என்பது சுண்ணக் கனிமத்தின் சிறுசிறு படிகங்களால் ஆனது. விழும் வெளிச்சம் முழுவதும் மேலேயே பட்டுத் திரும்பாது. கொஞ்சம் உள்ளே போய்ப் பரவி வெளியே வரும். தோலும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால்தான் பளிங்கு உடலில் ஒரு மென்மை தெரிகிறது.

பிறகு ஏன் ரசவாதம் என்ற பேச்சு வந்தது?

சிலையைச் செய்யச் சொன்ன ஆளால்தான். ராய்மோந்தோ தி சங்ரோ, சான்செவெரோவின் ஏழாம் இளவரசர், 1710 முதல் 1771 வரை வாழ்ந்தவர். சிற்றாலயம் அவர் குடும்பத்தின் கல்லறைக் கோயில். அதைப் புதுப்பித்து, முன்னோர்களுக்கும் பெற்றோருக்கும் நினைவுச் சிலைகள் வைப்பதில் சொத்தைக் கொட்டினார்.

அவரிடம் சிற்பம் மட்டும் அல்ல, எல்லாப் பித்தும் இருந்தது. ஒரே அழுத்தில் பல வண்ணம் அச்சிடும் முறை, அணையாத விளக்கு, புதுவிதச் சாயங்கள் என்று வீட்டு நிலவறையில் இரவு பகலாக ஏதாவது சோதனை. ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சபைக்கு நேப்பிள்ஸில் தலைவராகவும் கொஞ்ச காலம் இருந்தார். 1751-ல் அரசர் அந்தச் சபைக்குத் தடை போட்டதும் விலகினார். அவர் எழுதிய ஒரு நூலைத் திருச்சபை தடைப் பட்டியலில் சேர்த்தது. இப்படி ஒருவர் வீட்டில் இரவில் விளக்கு எரிந்து, ஏதோ சத்தமும் கேட்டால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? மந்திரவாதி என்றார்கள். அவர் கோயிலில் கல் துணியாகத் தெரிந்ததும், துணியைத்தான் கல்லாக்கிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதே கட்டடத்தின் நிலவறையில் "உடற்கூற்று இயந்திரங்கள்" என்ற இரண்டு எலும்புக்கூடுகள் இருக்கின்றன. உடல் முழுவதும் ரத்தநாளங்கள் வலைப்பின்னலாக ஓடும். வேலைக்காரர்களைக் கொன்று, நரம்பில் ஏதோ திரவத்தைச் செலுத்தி உலோகமாக்கினார் இளவரசர் என்பது ஊர்க் கதை. சோதித்துப் பார்த்ததில் அந்த நாளங்கள் தேன்மெழுகு, இரும்புக் கம்பி, பட்டு நூல் இவற்றால் கையால் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. செய்தவர் பலேர்மோ ஊர் மருத்துவர் ஜுசெப்பே சலேர்னோ. இங்கேயும் பாருங்கள், ஒருவர் மாதக்கணக்கில் கண் நோகச் செய்த வேலை மந்திரத்தின் கணக்கில் போய்விட்டது. எனக்கு இந்தக் கதைகள்மேல் வருத்தம் இருப்பது அதனால்தான். இளவரசரை மந்திரவாதி ஆக்குவதில் தவறு ஒன்றும் இல்லை. உழைத்தவன் பெயரை அது விழுங்கிவிடுகிறதே.

இந்த வேலை முதலில் வேறொருவருக்குப் போனதாமே?

ஆமாம். அந்தோனியோ கொர்ரதீனி என்ற வெனிஸ்காரருக்கு. முக்காட்டுச் சிலை என்றால் ஐரோப்பாவில் அப்போது அவர்தான். வியன்னா அரண்மனைக்கு வேலை செய்தவர், ரோமில் இருந்தவர், முதிய வயதில் நேப்பிள்ஸுக்கு வந்தார். இளவரசரின் தாய் செசீலியா, மகனுக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோனவர். அவர் நினைவாகக் கொர்ரதீனி செய்த "நாணம்" என்ற சிலை இதே சிற்றாலயத்தில் இருக்கிறது. மெல்லிய துகில் சுற்றிய பெண்ணுருவம், பக்கத்தில் உடைந்த கல்வெட்டுப் பலகை. பாதியில் முறிந்த ஆயுளுக்கு அடையாளம்.

துகில் போர்த்திய கிறிஸ்துவுக்கும் கொர்ரதீனி சுடுமண்ணில் ஒரு மாதிரி செய்து வைத்தார். கல்லைத் தொடுவதற்குள் 1752-ல் இறந்துவிட்டார். வேலை இளைஞர் சன்மார்தீனோவிடம் வந்தது. அந்த மண் மாதிரி நேப்பிள்ஸில் சான் மார்தீனோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டவர்கள், சன்மார்தீனோ அதை அப்படியே பின்பற்றவில்லை என்றே சொல்கிறார்கள். கொர்ரதீனியின் துகிலில் ஒரு நளினம் இருக்கும், அழகுக்காகப் போர்த்தியது. சன்மார்தீனோவின் துணி பிணத்தின் மேல் கிடக்கும் துணி. உடல் பட்ட பாட்டை அது மறைக்காமல் கூட்டிக் காட்டுகிறது.

இதுபோல இன்னொன்று செய்துவிடக் கூடாது என்று இளவரசர் சிற்பியின் கண்ணைப் பறித்தாராமே?

தாஜ்மகால் கட்டியவர்களின் கையை வெட்டிய கதை நமக்குத் தெரியும் அல்லவா, அதே குடும்பத்துக் கதை. நடக்கவில்லை. 1753-க்குப் பிறகு 40 ஆண்டுகள் சன்மார்தீனோ உளியும் மண்ணுமாக வேலை செய்திருக்கிறார். கண் இல்லாதவர் செய்யும் வேலை அல்ல அது.

வலைக்குள் சிக்கிய மனிதன் சிலையும் அவருடையதா?

இல்லை, அது ஜெனோவாக்காரர் பிரான்செஸ்கோ குவெய்ரோலோ செய்தது. இதே சிற்றாலயத்தில்தான் இருக்கிறது, அதனால் குழப்பம். இளவரசரின் தந்தைக்கான நினைவுச் சிலை. மனைவி இறந்த பிறகு ஊர் ஊராகத் திரிந்து தப்பான வாழ்க்கை வாழ்ந்து, கடைசியில் திரும்பி வந்து துறவு பூண்டவர் அந்தத் தந்தை. பாவ வலையிலிருந்து விடுபடுவதாகக் காட்டியிருக்கிறார். வலையின் ஒவ்வொரு கண்ணியும் பளிங்கு. மெருகேற்றும் தொழிலாளர்கள், கையில் நொறுங்கிவிடும் என்று பயந்து தொட மறுத்ததால், குவெய்ரோலோவே நுரைக்கல்லால் தேய்த்து முடித்தார் என்று சொல்வார்கள்.

மாதா முக்காடு போட்ட முகம், மார்பளவுச் சிலை ஒன்றும் அவர் பெயரில் சுற்றுகிறதே?

அது நூறு ஆண்டு பிற்பட்டது. ஜொவான்னி ஸ்த்ராத்ஸா என்ற மிலான் பக்கத்துச் சிற்பியின் "முக்காடிட்ட கன்னி". கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ் நகரத்துக் கன்னியர் மடத்தில் இருக்கிறது. 1856-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் உள்ள முக்காட்டுப் பெண் ரஃபாயேலே மோந்தி செய்தது. படம் பகிர்கிறவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள்.

கனோவா பொறாமைப்பட்டார் என்பது உண்மையா?

அடுத்த தலைமுறையின் மிகப் பெரிய பளிங்குச் சிற்பி அந்தோனியோ கனோவா. இதைச் செய்தவன் நானாக இருக்க என் ஆயுளில் பத்து ஆண்டுகளைக் கொடுப்பேன் என்று அவர் சொன்னதாக நேப்பிள்ஸில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். விலைக்குக் கேட்டார் என்றும் சொல்கிறார்கள். கர்ணபரம்பரைச் செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு சிலையோடு அவர் வேலை முடிந்துவிட்டதா?

இல்லவே இல்லை. நேப்பிள்ஸைப் பார்த்தபடி மலைமேல் இருக்கும் சான் மார்தீனோ கார்த்தூசியன் மடத்தின் கோயிலில் அவருடைய பளிங்கு வேலைகள் உண்டு. ஜிரொலமீனி கோயிலின் முகப்பில் அவரும் அவர் பட்டறையும் செய்த சிலைகள் உண்டு. ஊரைத் தாண்டி, புல்யா பகுதியில் மார்தினா பிரான்கா ஊர்ப் பெரிய கோயிலின் பலிபீடத்திலும், தாரந்தோ பேராலயத்தில் புனித கத்தால்தோ சிற்றாலயத்திலும் அவருடைய சிலைகள் நிற்கின்றன. தாரந்தோவில் அவர் செய்தவை வாழ்நாளின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தவை.

கல் மட்டும் அல்ல, வெள்ளிக்கும் மாதிரி செய்து கொடுத்திருக்கிறார். பெரிய வெள்ளிச் சுரூபங்கள் என்றால் சிற்பி மண்ணில் உருவத்தை வடிப்பார், தட்டார்கள் அதைப் பார்த்து வெள்ளியில் எடுப்பார்கள். இஸ்கியா தீவில் ஃபோரியோ ஊர்ப் பாதுகாவலர் புனித வீத்தோவின் வெள்ளிச் சுரூபம் அப்படி வந்தது. நேப்பிள்ஸ் புனித ஜென்னாரோ கருவூலத்தில் வானதூதர் ரஃபேலும் சிறுவன் தோபியாவும் நிற்கும் வெள்ளிச் சிலையும் அப்படித்தான். அது 1797-ல், சன்மார்தீனோ இறந்து நான்கு ஆண்டு கழித்து முடிந்தது. மாதிரி அவருடையது, வெள்ளி வேலை தெல் ஜூதிச்சே குடும்பத்துத் தட்டார்கள் செய்தது.

அவர் கிறிஸ்மஸ் குடில் பொம்மைகள் செய்தாரா? அவ்வளவு பெரிய சிற்பி பொம்மை செய்வாரா?

செய்தார். அவரைப் புரிந்துகொள்ள இதுதான் நல்ல வாசல் என்று நான் நினைக்கிறேன்.

18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் குடில் வைப்பது ஒரு பெரும் மோகம். அரசர் மூன்றாம் கார்லோஸ், அப்போது நேப்பிள்ஸுக்கு அரசர், தானே குடில் வேலையில் இறங்குவார். அரசி உடைகளைத் தைப்பார் என்பார்கள். பிரபுக்கள் வீட்டுக்கு வீடு போட்டி. மாட்டுத்தொழுவத்தில் குழந்தை இயேசு, மரியா, சூசை இருப்பார்கள், அதோடு நிற்காது. சுற்றி ஒரு நேப்பிள்ஸ் சந்தையே இருக்கும். மீன் விற்பவள், கழுத்து வீங்கிய கிழவி, பிச்சைக்காரன், சாராயக்கடைக்காரன், கீழை நாட்டு ராஜாக்களின் பரிவாரம், அவர்கள் கொண்டுவந்த ஒட்டகம். இவை எல்லாவற்றையும் பொதுவாக "இடையர்கள்" என்றே அங்கே சொல்வார்கள்.

ஒரு பொம்மை 30, 40 சென்டிமீட்டர் உயரம். உடம்பு கம்பியைச் சுற்றிச் சணல் நார் கட்டியது. அதனால் வேண்டியபடி வளைத்து நிறுத்தலாம். கை, கால் மரத்தில். தலை மட்டும் சுடுமண். கண்ணுக்குக் கண்ணாடி பதித்து, முகத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள். உடை நிஜப் பட்டு, நிஜச் சரிகை. பொம்மையின் உயிர் அந்தத் தலையில்தான். கட்டைவிரல் அளவு மண்ணில் ஒரு கிழவனின் கன்னச் சுருக்கம், பல் போன வாய், ஒரு வானதூதனின் பாதி திறந்த உதடு. இதைத்தான் சன்மார்தீனோ செய்தார். அவரிடம் கற்றவர்கள் பலர் இதிலேயே பெயர் எடுத்தார்கள்.

இப்போது அந்தப் பளிங்குக் கிறிஸ்துவின் முகத்துக்குத் திரும்பி வாருங்கள். உதட்டின் ஓரத்தில் துணி உள்ளே வாங்கும் அந்த இடம், நெற்றி நரம்பு, கண்ணிமையின் கனம். இது கல்லில் யோசித்தவரின் முகம் அல்ல, மண்ணை விரலால் அழுத்திப் பழகியவரின் முகம். மண்ணில் விரல் செய்யும் வேலையை உளியை வைத்துச் செய்திருக்கிறார். அதனால்தான் அந்தக் கல் அவ்வளவு இளகித் தெரிகிறது என்பது என் எண்ணம்.

அவருடையவை என்று கருதப்படும் குடில் உருவங்களை சான் மார்தீனோ அருங்காட்சியகத்தில் குசினியெல்லோ குடிலில் பார்க்கலாம். 1879-ல் திறக்கப்பட்டது அது. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் டிசம்பர் மாதம் வைக்கும் பெரிய கிறிஸ்மஸ் மரத்திலும், அதன் அடியில் உள்ள குடிலிலும் அவரும் அவர் மாணவர்களும் செய்ததாகக் கருதப்படும் வானதூதர்கள் உண்டு.

சான் மார்தீனோ மடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்களா?

இல்லை, தற்செயல். மடம் புனித மார்ட்டின் பெயரில் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது.

இது வழிபடும் சுரூபமா, கலைப்பொருளா?

இளவரசர் இதை வைக்க நினைத்த இடம் கோயிலின் நடு அல்ல, கீழே நிலவறை. தான் கண்டுபிடித்ததாகச் சொன்ன அணையா விளக்கின் வெளிச்சத்தில், கல்லறைக்குள் கிடக்கும் ஆண்டவரைப் பார்ப்பது போல இருக்க வேண்டும் என்பது யோசனை. அது நடக்கவில்லை, சிலை மேலேயே தங்கிவிட்டது. இறந்த இயேசுவைக் கிடந்த கோலத்தில் வடிப்பது அந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. கபுவா பேராலயத்தின் நிலவறையில் மத்தேயோ பொத்திலியேரி 1724-ல் செய்த பளிங்குக் கிறிஸ்து இருக்கிறது. பக்தி அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது, சன்மார்தீனோ அதற்கு ஒரு துணியைப் போர்த்தினார்.

இப்போது சிற்றாலயம் அருங்காட்சியகம். சீட்டு வாங்கித்தான் உள்ளே போக முடியும். ஆனாலும் செபம் பண்ணத் தோன்றினால் யாரும் தடுக்கப் போவதில்லை. சிலையின் முன்னால் பேச்சு தானாகவே தணிந்துவிடும்.

நேப்பிள்ஸ் போனால் எப்படிப் பார்ப்பது?

செவ்வாய்க்கிழமை விடுமுறை. சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், சின்ன இடம், கூட்டம் அதிகம். தாந்தே மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். படம் எடுக்க அனுமதி இல்லை. அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். கையில் போன் இல்லாததால் கண்ணால் பார்ப்பீர்கள்.

முதலில் கால்மாட்டில் நின்று முழு உடலையும் பாருங்கள். பிறகு மெதுவாகத் தலைப்பக்கம் நகருங்கள். நகர நகர மடிப்புகளின் நிழல் மாறும், ஒரு இடத்தில் துணி காணாமல் போய் உடல் மட்டும் தெரியும், இன்னும் இரண்டு அடி வைத்தால் துணி திரும்பி வந்துவிடும். முகத்தருகே குனிந்து மூக்குத் துவாரத்தைப் பாருங்கள். முடித்த பிறகு அப்படியே கிளம்பிவிட வேண்டாம். பீடத்தின் பின்பக்கம் இலத்தீனில் ஒரு வரி வெட்டியிருக்கிறது: நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜோசப் சன்மார்தீனோ செய்தது, 1753.